என் கொழுந்தியாளும் நான்கு தண்ணீர்க் கம்புகளும்

என்னைப் பற்றி எழுதச் சொன்னால் மூன்று புத்தகம் எழுதலாம். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஒரு வாளி, ஒரு ஏணி, இரண்டு பழைய துணியோடு தொழிலுக்கு வந்தவன். இன்று இரண்டு வேனும் ஏழு ஆட்களும் வைத்திருக்கிறேன் என்றால் அது சும்மா வந்ததா? இந்த ஊரில் ஐந்து மாடிக்கு உட்பட்ட கண்ணாடி எதையாவது நிமிர்ந்து பாருங்கள். வானம் அதில் பளிச்சென்று தெரிந்தால், பாதிக்குப் பாதி அது என் வேலையாகத்தான் இருக்கும். ஆனால் இப்போது எழுத உட்கார்ந்தது என்னைப் பற்றி அல்ல, என் மனைவியின் தங்கையைப் பற்றி. நடுநடுவே நான் வந்து நின்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒதுங்கி நின்று பழக்கம் இல்லை.

எங்கள் ஆட்கள் அவளுக்கு வைத்த பெயர் பம்பரம். முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் பம்பரம். அது அவளுக்கும் தெரியும். "பம்பரம்னா எவனாவது சாட்டையைச் சுத்தி விடணும். என்னைச் சுத்தி விட்டவன் யார்டா?" என்று ஒருநாள் கேட்டாள். 

வயது நாற்பத்தாறு. ஒல்லி உடம்பு. அவள் நாற்காலியில் முழுதாக உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. யாரோ கூப்பிடப் போகிற மாதிரி நுனியில் தொற்றிக்கொண்டிருப்பாள். டீ குடிப்பதும் நடந்துகொண்டேதான். எங்கள் வீட்டுக்கு வந்தால் ஐந்தாவது நிமிடம் ஏதாவது ஒரு குழாயை இறுக்கிக்கொண்டிருப்பாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "கல்யாணம்னா ஒரு இடத்துல உட்காரணுமே அத்தான்" என்பாள்.

வேலையிலும் அப்படித்தான் ஓடிக்கொண்டே இருந்தாள். அதற்குக் காரணம் கால் மட்டும் இல்லை. முதலில் ஒரு தையல் கடையில் இருந்தாள். பெரிய கத்தரிக்கோல் ஒன்று காணாமல் போனது. கடைக்காரர் இவளைப் பார்த்து விரலை நீட்டினார். இவள் தைத்துக்கொண்டிருந்த கையை அப்படியே மெஷினில் விட்டுவிட்டு, அதாவது சட்டைக் கையை, எழுந்து வந்துவிட்டாள். கத்தரிக்கோல் மறுநாள் கடைக்காரரின் மேசை இழுப்பறையிலேயே கிடைத்தது. ஆள் அனுப்பினார். இவள் போகவில்லை. அப்புறம் ஓர் ஆஸ்பத்திரியில் வார்டு வேலை. அங்கே பதினோரு வருஷம். டிரிப்ஸ் பாட்டில் மாற்றுவது, குழாய் பார்ப்பது, நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பது எல்லாம் கைவந்த கலை. ஒருநாள் வேறு யாரோ தப்பாக மாற்றி வைத்த பாட்டிலுக்கு இவளைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு வந்தவள்தான்.

அதனால்தான் அவளை வேலைக்குச் சேர்த்த அன்றே என் மனைவி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுச் சொன்னாள்: "திட்டுங்க, கத்துங்க, உங்களுக்குக் கத்தாம இருக்க முடியாதுன்னு அவளுக்கும் தெரியும். செய்யாத தப்புக்கு மட்டும் அவ மேல பழியைப் போட்டுடாதீங்க. அன்னைக்கே போயிடுவா. நீங்க தலைகீழா நின்னாலும் திரும்பி வர மாட்டா."

"நான் ஏன் போடப் போறேன்? எனக்கு ஆள் தெரியாதா?" என்றேன். எனக்கு ஆள் தெரியும். என்னைத்தான் அவ்வளவாகத் தெரியாது என்பது நான்கு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

எங்கள் தொழிலைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. இப்போதெல்லாம் ஏணி இல்லை, தொட்டில் கட்டித் தொங்குவது இல்லை. நீளமான இலேசான கம்பு, ஒன்றுக்குள் ஒன்று சொருகியது, இழுக்க இழுக்க ஐந்து மாடி வரை நீளும். நுனியில் பிரஷ். கம்புக்குள்ளேயே மெல்லிய ஹோஸ் ஓடுகிறது. வேனில் இருக்கும் டேங்கிலிருந்து சுத்தம் செய்த தண்ணீரைப் பம்ப் தள்ளும். தேய்த்து அலசிவிட்டு வந்தால் துடைக்க வேண்டாம், கண்ணாடி தானே காயும், ஒரு பொட்டுக் கறை நிற்காது. கம்பின் அடியில் ஒரு வால்வு உண்டு. ஹோஸை வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுத்தால் தண்ணீர் நிற்கும், இன்னோர் இழுப்பில் வரும். நாங்கள் அதை இழுப்பு வால்வு என்போம். ஹோஸும் ஹோஸும் சேரும் இடத்தில் டக்கென்று மாட்டும் பித்தளை ஜாயின்ட். வால்வுக்கு உள்ளேயும் ஜாயின்ட்டுக்கு உள்ளேயும் சுண்டுவிரல் மோதிரத்தைவிடச் சின்னதாக ரப்பர் வளையங்கள். தண்ணீர் கசியாமல் காப்பது அவைதான். இத்தனை பெரிய தொழில் அந்தப் பொடி வளையத்தின் மேல்தான் நிற்கிறது.

அவளை நான் முதலில் டேங்க் நிரப்பவும் துணி அலசவும்தான் சேர்த்தேன். மூன்றாவது வாரம் ஒரு துணிக்கடை வாசலில் கம்பில் தண்ணீர் நின்றுவிட்டது. நான் டேங்கைப் பார்த்தேன், பம்பைப் பார்த்தேன், வயரைப் பார்த்தேன். நாற்பது நிமிடம் ஓடிவிட்டது. இவள் என்னைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள்.

"அத்தான், கையைப் பார்த்தீங்களா?"

"யார் கையை?"

"நோயாளி கையை. டிரிப்ஸ் சொட்டு நின்னா நாங்க பாட்டிலைப் பார்க்க மாட்டோம். முதல்ல ஊசி போட்ட கையைப் பார்ப்போம். அங்கேயிருந்து மேல போவோம். நீங்க பாட்டிலையே முறைச்சிட்டிருக்கீங்க."

கம்பைப் படுக்கவைத்து பிரஷ்ஷைக் கழற்றினாள். தண்ணீர் பீய்ச்சும் துளையில், ஜாயின்ட்டில் சுற்றுகிற வெள்ளை டேப்பின் நூல் ஒன்று சிக்கியிருந்தது. வாயால் ஊதினாள். தண்ணீர் வந்தது. அந்த நூலைச் சுற்றியவன் நான்தான் என்பதை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து, நாங்கள் சாமான் வைக்கிற ஷெட்டின் பின்ஜன்னலுக்குக் கீழே இருக்கிற நீள மேசை அவளுடையது. வால்வு, ஜாயின்ட், வளையம், ஹோஸ் வெட்டும் கத்தி எல்லாம் அவள் பொறுப்பு. ஹோஸை நேராக வெட்டாமல் கோணலாக வெட்டினால் கசியும் என்று எங்கள் ஆட்களுக்கு மண்டையில் ஏற்றியது அவள்தான். அவளிடம் அரை லிட்டர் பிளாஸ்டிக் மக் ஒன்று உண்டு. நல்ல கம்பு என்றால் பத்து எண்ணுவதற்குள் அந்த மக் நிறைய வேண்டும். பன்னிரண்டு ஆனால் அந்தக் கம்பை வேனில் ஏற்றவிட மாட்டாள். எந்த இடத்திலும் தங்காதவள் அந்த மேசையில் மட்டும் நான்கு வருஷம் தங்கினாள். அப்போதும் நின்றுகொண்டுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

கண் ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் புதிய கட்டடம். ஐந்து மாடி, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. வியாழக்கிழமை திறப்பு. புதன்கிழமை மாலைக்குள் நாங்கள் முடிக்க வேண்டும். அதற்காக அவள் சனிக்கிழமையே எல்லாக் கம்புகளுக்கும் ஹோஸ் நுனியை வெட்டி, புதிய வளையம் போட்டு வைத்தாள். பழைய வளையம் தீர்ந்துபோய், வேறு கம்பெனிப் பாக்கெட் வாங்கியிருந்தோம். முதல் வேனின் கம்புகள் நான்கையும் ஷெட்டில் அடுக்கினாள். இரண்டாவது வேன் அன்று மாலையே மெக்கானிக் பட்டறைக்குப் போய்விட்டது, தன் கம்புகளோடு.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பெரிய வேலை வருகிறது என்றால் எனக்கு எப்போதுமே அப்படித்தான். ஷெட்டைத் திறந்தேன். கம்புகளைப் பார்த்தேன். ஜாயின்ட்டுகள் கொஞ்சம் இறுக்கமாக இருப்பதாகப் பட்டது. கேட்டின் கீலுக்குப் போடுகிற மஞ்சள் கிரீஸ் டப்பாவை எடுத்தேன். பம்ப் வளையமோ குழாய் வளையமோ, முப்பது வருஷமாக அந்த கிரீஸைத்தான் தடவி வந்திருக்கிறேன், ஒரு நாள் ஒரு பொழுது தொல்லை வந்ததில்லை. நான்கு கம்பு, கம்புக்கு இரண்டு ஜாயின்ட், ஒரு வால்வு. பன்னிரண்டுக்கும் விரலால் வழித்துத் தாராளமாகத் தடவினேன். எனக்குத் தாராளம்தான் வரும். பிறகு அதை மறந்தே போனேன்.

திங்கட்கிழமை தண்ணீர் நன்றாக வந்தது. முதல் இரண்டு மாடி முடிந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் பத்து மணிக்கு மேல் பிரஷ்ஷில் தண்ணீர் மெலிந்தது. கம்பு பிடிப்பவன் எங்கள் நெட்டை. ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற வாய். அவன் மேலேயிருந்து கண்ணை எடுக்காமல் கத்தினான்: "முதலாளி, தண்ணி வரலை, கண்ணீர் வருது!"

வேனில் பம்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. வழி எங்கோ அடைந்துவிட்டது என்று தோன்றினால், வால்வை நாம்தான் மூடிவிட்டோம் என்று நினைத்து அது பம்பை நிறுத்திவிடும். சற்றுப் பொறுத்து மறுபடி முயன்று பார்க்கும். அன்றைக்கு அது ஓடும், நிற்கும், ஓடும், நிற்கும். பம்ப் அலறுவதும் அடங்குவதுமாக என் நெஞ்சுக்குள்ளேயே ஓடுவது போல இருந்தது. மாற்றுக் கம்பை எடுத்தோம். அதுவும் அப்படியே. வால்வை இழுத்தால் மூடவில்லை, மூடினால் திறக்கவில்லை. ஒரு ஜாயின்ட் படாரென்று கழன்று நெட்டையின் முழங்காலில் அடித்தது. மாலைக்குள் அரை மாடிகூட முடியவில்லை. நான் அந்தச் சுவரின் நீளத்தை எத்தனை தடவை நடந்தேன் என்று எனக்கே தெரியாது.

புதன்கிழமை விடிந்தது. பம்பரம் அதற்குள் வந்து நின்றுகொண்டிருந்தாள். செவ்வாய் முழுதும் அவள் ஷெட்டில் டேங்க் வேலையில் இருந்தாள். நடந்ததை நெட்டை சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். நான் வேனிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாக, நெட்டையும் டிரைவரும் பார்க்க, ஆஸ்பத்திரி வாட்ச்மேனும் பார்க்கக் கத்தினேன்.

"சனிக்கிழமை என்னத்தைம்மா மாட்டினே? நாலு கம்பும் நாசம்! ஹோஸை வெட்டத் தெரியலைன்னா சொல்ல வேண்டியதுதானே? இனிமே நீ அந்த மேசைப் பக்கமே போக வேண்டாம்."

அவள் என்னைப் பார்த்தாள்.  தோள்பையைச் சரி செய்துகொண்டு கேட்டை நோக்கி நடந்தாள். நான் திரும்பிக்கொண்டேன். போகிறவள் போகட்டும் என்று வாய் முணுமுணுத்தது. 

அந்த நேரம் பார்த்து டிரைவர் பம்பைப் போட்டான். ஓடியது. நின்றது. ஓடியது. நின்றது.

கேட் வரை போனவள் நின்றாள். அங்கேயே நின்று அந்தச் சத்தத்தை இரண்டு தடவை கேட்டாள். திரும்பி வந்தாள். எனக்காக வரவில்லை. ஒரு குழாய் திணறிக்கொண்டிருக்கும்போது அதற்கு முதுகைக் காட்டி நடக்க அவளுக்குத் தெரியாது, அவ்வளவுதான். பையை வேன் படியில் வைத்தாள்.

"மக்கைக் கொண்டா" என்றாள் நெட்டையிடம்.

முதலில் பிரஷ் முனை. துளைகள் சுத்தமாக இருந்தன. அங்கே மக் நிறைய முப்பத்தைந்து எண்ணினாள். வால்வுக்கு முன்னால் கழற்றிப் பிடித்தாள். இருபது. ஜாயின்ட்டுக்கும் முன்னால், வேனிலிருந்து வருகிற பெரிய ஹோஸின் வாயில் பிடித்தாள். ஒன்பது.

"டேங்க் நல்லாயிருக்கு. பம்ப் நல்லாயிருக்கு. பெட்டி நல்லாயிருக்கு. ஹோஸ்ல மடிப்பு இல்லை" என்று யாரிடமோ சொல்கிற மாதிரி சொன்னாள். "ஜாயின்ட்ல பாதி போகுது. வால்வுல மீதி போகுது."

"ரெண்டும் நீங்க போட்டதுதானேக்கா" என்றான் நெட்டை, விளையாட்டாக.

"ஆமாடா. அதனாலதான் நானே பார்க்குறேன். நீ வாயை மூடிக்கிட்டு மக்கைப் பிடி."

ஜாயின்ட்டை மாட்டினாள். டக்கென்று சத்தம் வந்தது, ஆனால் முழுதாகப் போய் உட்காரவில்லை. நெல் முனை அளவுக்கு வெளியே நின்றது. அதனால் உள்ளே இருக்கிற சின்ன அடைப்பை அது முழுதாகத் தள்ளித் திறக்கவில்லை, தண்ணீர் ஓரமாகக் கசிந்துதான் போனது. ஊக்கால் உள்ளேயிருந்து ரப்பர் வளையத்தைக் கிளப்பி எடுத்தாள். பையிலிருந்து பாக்கெட்டைக் கிழித்துப் புதிய வளையம் ஒன்றை எடுத்து, இரண்டையும் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒரே பாக்கெட், ஒரே அளவு. ஆனால் ஒன்று தடித்து, பளபளத்து, தொட்டால் அமுங்கியது.

"பிரசவத்துக்கு வந்த பொண்ணு விரல் மாதிரி உப்பியிருக்கு பாரு" என்றாள்.

டிரைவர் எட்டிப் பார்த்தான். "புது வளையமே மட்ட சரக்குக்கா. அந்தக் கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்."

"அப்படியா?" என்று போனை எடுத்தாள். இரண்டாவது வேன் முந்தின நாள் மாலைதான் பட்டறையிலிருந்து வந்து, அன்று காலை கடைத்தெருவில் வேலைக்கு நின்றது. "என்னப்பா, தண்ணி எப்படி வருது?"

போனில் அந்த டிரைவர் கத்தியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "அருவியா கொட்டுதுக்கா! நீங்க போட்ட வளையம் சூப்பர்!"

போனை வைத்தாள். அதே பாக்கெட், அதே கை, அதே சனிக்கிழமை. அந்த வேனின் கம்புகள் ஷெட்டில் இல்லை, இவை இருந்தன. அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவள் விரல்விட்டு அதைக் கணக்குப் போடுவதை நான் பார்த்தேன். உப்பிய வளையத்தை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். முகர்ந்தாள். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான்.

என் விரலில் அந்த மஞ்சள் கிரீஸ் வாசனை இன்னும் இருப்பது போல எனக்குத் தோன்றியது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"எண்ணெய் பட்டிருக்கு" என்றாள் பொதுவாக. "பழைய வளையம் எண்ணெயைத் தாங்கும். இது தாங்காது, குடிச்சு உப்பும். பாக்கெட்லயே போட்டிருக்கான். இதுக்கு வெள்ளை சிலிக்கான் கிரீஸ்தான் போடணும், இல்லைன்னா வெறும் தண்ணியே போதும்."

பாக்கெட்டில் போட்டிருந்தது உண்மை. நான் படிக்கவில்லை. ஏழாம் வகுப்புப் படித்தவனுக்குப் படிக்கத் தெரியும். முப்பது வருஷம் ஜெயித்தவனுக்குப் படிக்கத் தோன்றாது.

"எண்ணெய் எப்படிக்கா பட்டுச்சு?" என்றான் நெட்டை.

"அதைத் தெரிஞ்சு நீ என்ன பண்ணப் போறே? பாத்திரம் கழுவுற சோப்பு வாங்கிட்டு வா, ஓடு."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரு வார்த்தை போதும். மென்று முழுங்கினேன்.

அவள் இரண்டு கம்பைப் பிரித்தாள். சோப்புத் தண்ணீரில் அவசரமாக அலசி, ஆறு இடத்திலும் வளையத்தை மாற்றி, வால்வின் உள்தண்டைத் துணியால் துடைத்து மாட்டினாள். மக் பத்து எண்ணுவதற்குள் நிறைந்தது. பம்ப் ஒரே மூச்சில் ஓடத் தொடங்கியது. நெட்டை மேலே தேய்க்க ஆரம்பித்தான், தண்ணீர் கண்ணாடியில் திரை மாதிரி இறங்கியது. எனக்கு உயிர் வந்தது.

உயிர் வந்ததுதான் தப்பு. அந்த நேரம் ஆஸ்பத்திரி மேனேஜர் அம்மா வெளியே வந்தார். பேசிக்கொண்டிருந்த போனை வைக்காமலேயே கேட்டார்: "என்ன சார், நேத்தெல்லாம் நின்னு நின்னு வந்துச்சே, என்ன ஆச்சு?"

என் வாய் எனக்கு முன்னால் போய்விட்டது. "ஒண்ணும் இல்லம்மா. எங்க ஆள் ஒருத்தர் சரியா மாட்டலை. நான் வந்து பார்த்துச் சரி பண்ணிட்டேன்."

'எங்க ஆள் ஒருத்தர்' மூன்றடி தூரத்தில் ஹோஸைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வேலை முடியும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாவது மாடியின் மீதி முடிந்தது, நான்காவது மாடி முடிந்தது, ஐந்தாவது மாடி முடிந்தது. ஹோஸை இழுத்தாள், விட்டாள், வால்வைப் பார்த்தாள், ஓடினாள், வந்தாள். எப்போதும் ஓயாமல் பேசுகிறவள் வாய் மூடியிருந்தால் அந்த இடமே எப்படி ஆகிவிடும் என்று நான் அன்றைக்குத்தான் கண்டேன். என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. நிழலுக்குப் போனேன், வெயிலுக்கு வந்தேன். வேன் கதவைத் திறந்தேன், மூடினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்குச் சோறு எப்படி இறங்கும்? மதியச் சாப்பாட்டு டப்பாவை அப்படியே வைத்துவிட்டேன்.

நான்கு மணிக்குக் கடைசிக் கண்ணாடி முடிந்தது. நான் அண்ணாந்து பார்த்தேன். சொல்லக்கூடாது, ஆனால் சொல்கிறேன்: அந்தச் சுவர் மாதிரி ஒரு சுவரை இந்த ஊரில் வேறு எவனும் கழுவியிருக்க மாட்டான். பிறகு கீழே பார்த்தேன். வேன் படியில் பை இல்லை.

"அக்கா எங்கடா?"

"பஸ் ஸ்டாப்புக்குப் போயிட்டாங்க" என்றான் நெட்டை. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "ஷெட் சாவியை டிரைவர்கிட்ட கொடுத்துட்டாங்க முதலாளி" என்றான்.

என் போன் அடித்தது. என் மனைவி. எடுத்ததும் ஒரே கேள்வி: "அவகிட்ட என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலையே."

"ஒண்ணும் சொல்லாமலா அவ எனக்குப் போன் பண்ணி, வேற வேலை பார்க்கப் போறேன்கா, அத்தான்கிட்ட கோபம் இல்லைன்னு சொல்றா? கோபம் இல்லைன்னு அவ சொன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்."

போனை வைத்தேன். பஸ் ஸ்டாப் பக்கம் நாலடி போனேன். நின்றேன். அங்கே போய் என்ன சொல்வது? அவளிடம் தனியாகச் சொன்னால் அது அவளுக்குத் தெரிந்த விஷயம். தெரியாதவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. அறுபத்தெட்டு வயதில் நான்கு மாடி படியேறினேன், இரண்டிரண்டு படியாக. பொய் இல்லை, முதல் இரண்டு மாடி அப்படித்தான் ஏறினேன்.

மேனேஜர் அம்மா ஜன்னலுக்குத் திரை மாட்டுகிறவர்களோடு இருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன்.

"அம்மா, காலையில தப்பாச் சொல்லிட்டேன். மாட்டினவங்க சரியாத்தான் மாட்டினாங்க. ஆகாத கிரீஸைத் தடவிக் கெடுத்தது நான். கண்டுபிடிச்சுச் சரி பண்ணினதும் அவங்கதான். நான் சும்மா நின்னுட்டிருந்தேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் ஏறி வந்தீங்க?"

"ஆமாம்மா."

"சரி, தண்ணி குடிச்சிட்டு இறங்குங்க" என்றார்.

குடிக்கவில்லை. இறங்கினேன். வாட்ச்மேனையும் விடவில்லை, அவரிடமும் சொன்னேன். நெட்டையையும் டிரைவரையும் கூப்பிட்டு நிற்கவைத்துச் சொன்னேன். நெட்டை வாயைப் பிளந்தான். "கேட் கிரீஸா முதலாளி? அப்போ என் முழங்கால்ல அடிச்சது நீங்கதானா?" என்றான். டிரைவர் சிரிப்பை அடக்க வேனுக்குப் பின்னால் போய்விட்டான். சிரிக்கட்டும். வேனில் ஏறுங்கடா என்றேன்.

பஸ் ஸ்டாப்பில் அவள் இந்தக் கம்பத்துக்கும் அந்தக் கம்பத்துக்கும் நடந்துகொண்டிருந்தாள். பெஞ்சு காலியாக இருந்தது. வேனை நிறுத்தி இறங்கினேன்.

"ஏறும்மா."

"பஸ் வருது அத்தான்."

"கிரீஸ் தடவினது நான்."

"அது எனக்கு ஒன்பதரை மணிக்கே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை?"

"நான் ஏன் சொல்லணும்? தடவின கைதான் சொல்லணும்." நடையை நிறுத்தவில்லை. நானும் கூடவே நடக்க வேண்டியதாயிற்று. "எத்தனை பேர் முன்னாடி என்னைச் சொன்னீங்க?"

"நாலு பேர். வாட்ச்மேன், இவனுங்க ரெண்டு பேர், அந்த அம்மா."

"அந்த நாலு பேர்கிட்ட?"

"சொல்லிட்டேன். நாலாவது மாடி ஏறிப் போய்ச் சொன்னேன்."

அவள் நெட்டையைப் பார்த்தாள். அவன் வேன் ஜன்னலில் கழுத்தை நீட்டி, "ஆமாக்கா, மூச்சு வாங்கி மூச்சு வாங்கிச் சொன்னாரு. நாங்ககூட மாரடைப்போன்னு பயந்துட்டோம்" என்றான்.

பஸ் வந்தது. கதவு திறந்தது. அவள் படியில் ஒரு காலை வைத்தாள்.  நடத்துநர், "ஏறுங்கம்மா, ஏறுறதுன்னா ஏறுங்க" என்றார். அவள் அந்தக் காலை எடுத்துக் கீழே வைத்தாள். பஸ் போய்விட்டது.

"நாலு கம்புலயும் கிரீஸ் இருக்கு" என்றாள். "ரெண்டுல மேலோட்டமா அலசினதுதான், மறுபடி உப்பும். பன்னிரண்டையும் பிரிச்சு ஒழுங்காக் கழுவணும். நாளைக்கு வேற வேலை இருக்கு. இன்னைக்கே முடியணும்."

"முடிச்சிடலாம். நெட்டைகிட்ட சொல்லி..."

"நெட்டை தடவலை."

 ஷெட்டுக்குப் போனோம். டிரைவரிடமிருந்து சாவியைத் தானே வாங்கிக் கதவைத் திறந்தாள். நீள மேசையின் முன்னால் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டாள், ஒரு தட்டில் சோப்புத் தண்ணீர் வைத்தாள், பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றைக் கையில் கொடுத்தாள். இரண்டு வேனுக்கும் ஏழு ஆட்களுக்கும் முதலாளியான நான் அந்த மேசையில் உட்கார்ந்து பித்தளை ஜாயின்ட்டின் பள்ளத்தைத் தேய்த்தேன். அவள் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே இருந்தாள். முடித்த ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள், விரலை உள்ளே விட்டுப் பார்ப்பாள், முகர்ந்து பார்ப்பாள்.

மூன்றைத் திருப்பித் தட்டில் போட்டாள்.

"அதெல்லாம் சுத்தமாத்தானேம்மா இருக்கு! நான் கழுவாத கண்ணாடியா?"

"கண்ணாடி வேற அத்தான். இன்னும் வாசனை வருது. தேயுங்க."

தேய்த்தேன்.